தருபவர் கணக்கில் வரவு வை

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கட்டடம். அங்கே இரண்டு பேர் தினமும் சைக்கிளில் வேலைக்கு வருகிறார்கள்.

ஒருவர் எட்டரைக்கு வருவார். தலையில் ஹெல்மெட், கையில் கையுறை, முதுகில் தண்ணீர்ப் பை. அலுமினிய ஃப்ரேம், இருபத்தோரு கியர் என்று ஒரு வண்டி. விலை நாற்பத்தைந்தாயிரம். நான்காவது மாடியில் மேனேஜர். லிஃப்ட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், "சூப்பர் சார்! நீங்கதான் சார் எங்களுக்கு இன்ஸ்பிரேஷன்!" என்பார்கள்.

இன்னொருவர் ஏழரைக்கே வந்துவிடுவார். கறுப்பு ஹெர்குலிஸ். கேரியரில் சுருட்டிய மழைக்கோட்டு, ஹேண்டில்பாரில் டிபன் பை. வாசலில் செக்யூரிட்டி. போக பன்னிரண்டு, வர பன்னிரண்டு கிலோமீட்டர், பல வருஷமாக. அவரைப் பார்த்து யாரும் இன்ஸ்பிரேஷன் என்று சொன்னதில்லை. நல்ல மனசுக்காரர்கள் சொல்வது ஒன்றுதான். "பாவம், இந்த வயசுல எவ்ளோ தூரம் மிதிக்கிறாரு!"

இரண்டு பேரும் செய்வது ஒரே காரியம். புகை விடவில்லை. பெட்ரோல் எரிக்கவில்லை. ரோட்டில் மூன்றடி இடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கு சபாஷ், இன்னொருவருக்கு ஐயோ பாவம். ஏன்?

கேட்டால் பதில் டக்கென்று வரும். "அவர் விருப்பப்பட்டு ஓட்டறார் சார். இவர் வேற வழியில்லாம ஓட்டறார்."

இந்தப் பதிலை அத்தனை சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பெரிய பெரிய தத்துவஞானிகளே இதைச் சொல்லியிருக்கிறார்கள். 1785-ல் ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் தன் அறநூலில் ஒரு மளிகைக்கடைக்காரரைக் கொண்டுவருகிறார். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை வந்து பொருள் கேட்டாலும் அதே விலைக்குத்தான் கொடுப்பார் அவர். நேர்மையான மனுஷன். ஆனால், நேர்மையாக இருந்தால்தான் வியாபாரம் நிலைக்கும் என்பதற்காக அப்படி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் செய்தது சரியான காரியம்தான், ஆனால் அதற்கு அறத்தின் மதிப்பு கிடையாது என்கிறார் கான்ட். கடமை என்று நினைத்துச் செய்திருந்தால்தான் மார்க்.

நம் ஊர் மனசும் இதே பாதையில்தான் போகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகர் சொத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கோவணத்தோடு கிளம்பினால் பட்டினத்தார் என்று கையெடுத்துக் கும்பிடுகிறோம். பிறந்ததிலிருந்தே கோவணத்தோடு இருப்பவனுக்கு அந்தக் கும்பிடு கிடையாது. விடுவதற்கு ஏதாவது இருந்தால்தானே துறவு? இருக்கிறவன் குறைத்துக்கொண்டால் எளிமை. இல்லாதவன் அப்படி இருந்தால் வறுமை.

சரி. கான்ட் சொன்னதையே கறாராக எடுத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் நம் மேனேஜரும் தேறமாட்டார். ஷுகர் எல்லையைத் தொட்டுவிட்டது, டாக்டர் மிரட்டினார், சைக்கிள் வாங்கினார். அதுவும் சொந்த லாபம்தானே? செக்யூரிட்டி பஸ் காசை மிச்சம் பிடிக்கிறார், மேனேஜர் மாத்திரைக் காசை மிச்சம் பிடிக்கிறார். கான்ட் கண்ணில் இருவரும் ஒரே பெஞ்ச். நாம்தான் ஒருவரை மேடையில் ஏற்றியிருக்கிறோம்.

தத்துவஞானியிடம் போய் வழி பிறக்கவில்லை. நான் படித்ததோ பி.காம். எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன்.

காமர்ஸ் எடுத்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யவைக்கும் விதி ஒன்று உண்டு. பெறுபவர் கணக்கில் பற்று வை. தருபவர் கணக்கில் வரவு வை. அவ்வளவுதான். இந்த விதியின் அழகே, அது யாருடைய மனசையும் தோண்டிப் பார்ப்பதில்லை என்பதுதான். ராமசாமி உங்களுக்குப் பத்து மூட்டை அரிசி கடனாகக் கொடுத்தார். அன்பால் கொடுத்தாரா, கோடவுனில் இடம் இல்லாமல் தள்ளிவிட்டாரா, வேறு யாரும் வாங்கவில்லையே என்று உங்கள் தலையில் கட்டினாரா? கணக்குப்பிள்ளைக்கு அது தேவையே இல்லை. மூட்டை வந்துவிட்டதா? ராமசாமி பெயரில் வரவு வை. "அவர் வேற வழியில்லாமத்தானே கொடுத்தாரு, எதுக்குக் காசு?" என்று கேட்டால் உலகம் நம்மை என்ன சொல்லும்?

சைக்கிள்காரர் விஷயத்தில் நாம் கேட்டுக்கொண்டிருப்பது சரியாக அந்தக் கேள்வியைத்தான்.

அவர் நமக்கு என்ன தருகிறார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் இடம். ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்து சைக்கிள் தாராளமாக நிற்கும். சிக்னலில் உங்கள் காருக்கு முன்னால் பத்து கார் நிற்க வேண்டிய இடத்தில் பத்து சைக்கிள் நின்றால், நீங்கள் அடுத்த பச்சைக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த இரண்டு நிமிஷம் சைக்கிள்காரர் உங்களுக்குக் கொடுத்தது.

அடுத்தது காற்று. அதற்கு விளக்கம் வேண்டாம். அப்புறம் அந்நியச் செலாவணி. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. செக்யூரிட்டியின் ஹெர்குலிஸ் ஓடுவதோ காலையில் அவர் சாப்பிட்ட பழைய சோற்றில்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, அவர் நமக்குத் தரும் பாதுகாப்பு. ஆளும் வண்டியுமாக எண்பத்தைந்து கிலோ, மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம். ஒரு சின்னக் கார் ஆயிரத்து நூறு கிலோ, ஐம்பது கிலோமீட்டர் வேகம். ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். காரின் இயக்க ஆற்றல் சைக்கிளைப்போல இருநூறு மடங்குக்கு மேல் வரும். உங்கள் பெண் குழந்தை டியூஷனுக்கு ரோட்டைக் கடக்கிறாள். அவளை நோக்கி வருவது எதுவாக இருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள்?

இத்தனையும் தந்தவர் கணக்கில் நாம் என்ன வரவு வைத்திருக்கிறோம்?

ஹாரன் வைத்திருக்கிறோம். "ஓரமாப் போய்யா!" வைத்திருக்கிறோம். ஓரம் என்பது எது? மணல், குழி, நிறுத்தி வைத்த லாரி, பின்னால் பார்க்காமல் படாரென்று திறக்கும் கார் கதவு. மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சைக்கிளில் போனவர்கள் சுமார் 4,800 பேர். யாரையும் கொல்ல முடியாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள்.

கொல்கத்தாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளுக்கே தடை. மற்ற வண்டிகளின் வேகம் குறைகிறதாம். பால்காரர், பேப்பர் போடுகிறவர், தலைச்சுமைச் சரக்கைச் சைக்கிளில் கட்டி வந்தவர் எல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு பட்டியலைக் குறைத்தார்கள். கடன் கொடுத்தவரையே கடையைவிட்டு வெளியே போகச் சொன்ன கதை.

இவர்கள் ஏதோ பத்துப் பேர் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 'வேலைக்கு எதில் போகிறீர்கள்?' என்று கேட்டார்கள். விவசாயம், வீட்டுத் தொழில் அல்லாத வேலைகளுக்குப் போகிறவர்களில் 13 சதவிகிதம் பேர் சைக்கிள் என்றார்கள். இரண்டரைக் கோடிக்கும் அதிகம். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் போகிறவர்களைவிட ஒரு துளி கூடுதல். ஆனால், ரோடு போடும்போது யாரை மனதில் வைத்துப் போடுகிறோம்?

மரியாதை சைக்கிளுக்கு எப்போதும் இல்லாமல் இருந்தது என்றும் நினைக்கவேண்டாம். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் தொழிற்சாலை வைத்த காலத்தில், சைக்கிள் வைத்திருப்பவர் தெருவில் முக்கியஸ்தர். மாப்பிள்ளைக்கு வாட்ச், ரேடியோ, சைக்கிள் என்பது சீர் வரிசை. என் தலைமுறைக்கே வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, முதல்முறை பாரைத் தாண்டிக் காலைப் போட்ட நாள் தீபாவளிதான்.

புதுக்கோட்டையில் நடந்தது இன்னும் பெரிய விஷயம். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரித் தொழிலாளிகள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் ஸ்டாக் தீர்ந்துபோய், ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கிக்கொண்டு போனார்களாம். அதில் ஒரு வசதியும் இருந்தது. நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்களிடம் போய், "ஐயோ பாவம், சைக்கிள்ல போறீங்களே!" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அதுவரை யாராவது கூட்டிப்போனால்தான் பயணம் என்று இருந்தவர்களுக்கு அது விடுதலை.

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவிகிதம் கூடியது என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு சக்கரம், ஒரு செயின். வண்டி அதேதான். மரியாதை வண்டியில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்பது தெரிகிறதல்லவா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். சைக்கிள் அவ்வளவு நல்லது என்றால், கொஞ்சம் காசு சேர்ந்ததும் எல்லாரும் ஏன் பைக் வாங்குகிறார்கள்?

இவான் இல்லிச் என்று ஒருவர். பாதிரியாராக இருந்து எழுத்தாளரானவர். 1970-களில் ஒரு வேடிக்கையான கணக்குப் போட்டார். அமெரிக்கர் ஒருவர் காரில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமல்ல, அந்தக் காருக்காகச் சம்பாதிக்க உழைக்கும் நேரத்தையும் சேர்த்தால், வருஷத்துக்கு 1,600 மணி நேரம் செலவழித்து 7,500 மைல் போகிறார். அதாவது மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை!

அதை நம் ஊருக்கு மாற்றிப் பார்த்தேன். மாதிரிக் கணக்குதான். மாதச் சம்பளம் 22,500 ரூபாய். இருபத்தைந்து நாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம். ஆக, ஒரு மணி நேர உழைப்புக்கு நூறு ரூபாய். வேலைக்குப் போக பன்னிரண்டு, வர பன்னிரண்டு. மாதம் 600 கிலோமீட்டர். புது பைக்குக்கு இ.எம்.ஐ. 3,500. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 1,340. சர்வீஸ், இன்ஷூரன்ஸ், பார்க்கிங் 660. மொத்தம் 5,500. இதைச் சம்பாதிக்க 55 மணி நேரம் உழைக்க வேண்டும். சென்னை டிராஃபிக்கில் ஓட்டும் நேரம் 30 மணி. கூட்டினால் 85 மணி நேரத்தில் 600 கிலோமீட்டர். மணிக்கு ஏழு!

சைக்கிளுக்கு ஓட்டும் நேரம் 50 மணி. பஞ்சர், டயர், ஆயில் என்று முந்நூறு ரூபாய் போட்டால் இன்னும் மூன்று மணி. 53 மணி நேரத்தில் அதே தூரம். மணிக்குப் பதினொன்றுக்கு மேல். சைக்கிள் ஜெயிக்கிறது! இ.எம்.ஐ. முடிந்ததும் பைக் எட்டிப் பிடித்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால், இ.எம்.ஐ. முடிகிற சமயத்தில் புது மாடல் வந்துவிடுகிறதே!

இந்தக் கணக்கைத் தெரிந்த பையன் ஒருவனிடம் காட்டினேன். பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. அப்போதுதான் பைக் புக் பண்ணியிருந்தான்.

"கணக்கு கரெக்ட்டுதாண்ணே" என்றான். "ஆனா பொண்ணு வீட்ல வந்து, 'மாப்ள எதுல வேலைக்குப் போறாரு?'ன்னு கேட்டா, இந்தப் பேப்பரையா எடுத்து நீட்டறது? அதுவுமில்லாம, ராத்திரி பைபாஸ்ல லாரிக்கு நடுவுல நீங்க சைக்கிள் மிதிச்சுப் பாத்திருக்கீங்களா?"

மரியாதை ஒன்று, உயிர் ஒன்று. இரண்டு காரணம் சொன்னான். மாசாமாசம் ஐயாயிரத்து ஐந்நூறு கொடுத்து அவன் இந்த இரண்டையும்தான் வாங்குகிறான். தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவை இரண்டும் காசு கொடுக்காமலே அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியவை. நாம் வரவு வைக்காத தொகையை அவன் தன் பாக்கெட்டிலிருந்து கட்டுகிறான்.

"கார்ல போற நீ, ஏழையைச் சைக்கிள்லயே இருன்னு சொல்றியா?" என்று யாராவது கேட்டால் அது நியாயமான கோபம். வறுமையைப் பார்த்து 'ஆஹா, என்ன எளிமை!' என்று உருகுவது போன்ற அசிங்கம் வேறு கிடையாது. செக்யூரிட்டிக்கு நாளைக்கே வசதி வந்து பைக்கோ காரோ வாங்கினால் அது அவர் உரிமை. நான் சொல்வது வேறு. அவர் சைக்கிளில் வருகிற வரைக்கும், அந்த ஒவ்வொரு நாளுக்கும் நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். 'அவர் விரும்பிக் கொடுக்கவில்லை' என்பதைச் சொல்லி அந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. விரும்பாமல் கொடுத்தவருக்குக் கடன் இன்னும் பாரமாகத்தான் ஆகிறது.

அப்படியானால் மேனேஜர் போலியா? கிடையவே கிடையாது. அவரிடம் செக்யூரிட்டியிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அவர் பேசினால் கேட்பார்கள்.

நெதர்லாந்து என்றாலே சைக்கிள் என்கிறோம். அங்கும் யுத்தத்துக்குப் பிறகு கார்தான் ராஜா. சைக்கிளை ஓரம்கட்டி ரோடு போட்டார்கள். 1971-ல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வேறு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காருக்கு லீவு விட்டார்கள். அதற்குப் பிறகுதான் தனிப் பாதைகள் வளர்ந்தன. இன்று அங்கே ஜனத்தொகையைவிட சைக்கிள்கள் அதிகம். 2010 முதல் 2024 வரை பிரதமராக இருந்த மார்க் ருட்டே ஆபீஸுக்குச் சைக்கிளில் போவார். அவர் போகிற பாதையில்தான் ஆபீஸைப் பெருக்கித் துடைப்பவரும் போவார். ஒருவரை இன்ஸ்பிரேஷன் என்றும் இன்னொருவரைப் பாவம் என்றும் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றாது.

இதில்தான் நம் ஆரம்பக் கேள்விக்கான விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. விருப்பமா, கட்டாயமா என்பதை நாம் ஓட்டுகிறவர் மனசுக்குள் தேடிக்கொண்டிருக்கிறோம். அது ரோட்டில் இருக்கிறது. பத்திரமான பாதை இருந்தால், பைக் வாங்க முடிந்தவரும் சைக்கிளில் போவார். அப்போது பைக் வாங்க முடியாதவரும் சைக்கிளில் போவது கட்டாயமாகத் தெரியாது. பாதை இல்லாத ஊரில் சைக்கிள் என்பது வாங்க முடியாதவருக்குத் தண்டனை, வாங்க முடிந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று 2014-லேயே ஒரு கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. நல்ல காரியம். உங்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் வரை சைக்கிளுக்கென்று எத்தனை அடி ஒதுக்கியிருக்கிறது என்று நாளைக்குப் போகும்போது எண்ணிப் பாருங்கள்.

மேனேஜர்கள் விடியற்காலை ஈ.சி.ஆரில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும். ஆனால் பாதை கேட்கும்போது ஈ.சி.ஆருக்கு மட்டும் கேட்கக்கூடாது. எஸ்டேட் ரோட்டுக்கும், ஷிப்ட் முடிகிற நேரத்துக்கும் சேர்த்துக் கேட்கவேண்டும். அவர் குரலுக்கு இருக்கும் மதிப்பை அடுத்தவர் கணக்கில் கொஞ்சம் மாற்றிக்கொடுத்தால், அந்த நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் வண்டி விலைக்கு மேல் சம்பாதித்துவிடும்.

நம் பங்குக்கு? சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு விநாடி ஹாரன் அடிக்காமல் வருவது. கார் கதவைத் திறக்குமுன் திரும்பிப் பார்ப்பது. ஆபீஸ் பேஸ்மென்ட்டில் முப்பது காருக்குக் கோடு போட்டவர்களிடம், ஒரே ஒரு கார் இடத்தைப் பத்து சைக்கிளுக்கு ஒதுக்கச் சொல்வது. இப்போதெல்லாம் கியர் சைக்கிள் லாபி வரைக்கும் வருகிறது. கறுப்பு சைக்கிள் ஜெனரேட்டர் ரூம் பின்னால் வெயிலில் நிற்கிறது.

கணக்குப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வருஷ முடிவில் பற்றும் வரவும் ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத் தொகையைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். அப்போதைக்கு இரண்டு பக்கமும் டேலி ஆகிவிடும், வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். ஆனால் அது தற்காலிக ஏற்பாடுதான். எங்கே யாருக்கு வரவு வைக்காமல் விட்டோம் என்று தேடிக் கண்டுபிடித்து, அவர் பெயருக்கு எழுதினால்தான் அந்தக் கணக்கு மூடும். 'பாவம்' என்று நாம் சொல்கிறோமே, அது ஒரு அனாமத்துக் கணக்கு.